மன்னிப்பும் அபராதமும்: கிறிஸ்தவத் தவமுறையின் வரலாறு

கடவுள் தந்த சட்டத்துக்கும் அவர் வழங்கும் அருளுக்கும் என்ன உறவு என்ற கேள்வி, கிறிஸ்தவ சமயத்தின் முதல் தலைமுறையிலேயே ஒரு வழக்காக எழுந்தது. யூதரல்லாதோர் கிறிஸ்தவர்களாகும்போது மோசேயின் சட்டப்படி விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்கப்பட்டது. வேண்டியதில்லை என்று வாதாடியவர் பவுல். ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேமில் கூடிய திருத்தூதர்களும் மூப்பர்களும் அவர் பக்கம் நின்றார்கள். கலாத்தியருக்கும் ரோமருக்கும் எழுதிய கடிதங்களில் பவுல் தம் கருத்தை விரித்துச் சொன்னார்: மனிதன் கடவுளுக்கு ஏற்றவனாவது சட்டத்தை நிறைவேற்றியதால் அல்ல; விசுவாசத்தின் வழியாக, கிருபையால். அப்படியானால் பாவத்திலேயே இருந்துவிடலாமா என்ற கேள்வியையும் அவரே எழுப்பி, கூடவே கூடாது என்று மறுத்தார். யாக்கோபின் பெயரில் உள்ள கடிதமோ செயல் இல்லாத விசுவாசத்தைச் செத்ததாகவே கருதுகிறது. இரண்டும் ஒரே புதிய ஏற்பாட்டில் அருகருகே இருக்கின்றன.

இந்த விவாதத்தின் வரலாற்றை இறையியலாளர்களின் நூல்களைக் கொண்டு எழுதுவதே வழக்கம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான கிறிஸ்தவர்கள் சட்டத்தையும் அருளையும் நூல்களில் சந்திக்கவில்லை. பாவம் செய்தவர் சபைக்குத் திரும்ப என்ன செய்ய வேண்டும், எத்தனை நாள் நோன்பிருக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது மன்னிப்புக் கிடைக்கும் என்ற நடைமுறையில்தான் சந்தித்தார்கள். அந்த நடைமுறைக்குத் தவமுறை என்று பெயர். இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்வது ஒன்று. இரக்கத்தால் ஓர் அளவு வகுக்கப்படுகிறது. சில தலைமுறைகளில் அந்த அளவே மன்னிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அதை உடைக்க இன்னொரு இரக்கம் தேவைப்படுகிறது.

தொடக்கத்தில் அளவு என்பதே இல்லை. திருமுழுக்கு எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும் என்பது நம்பிக்கை. அதற்குப் பிறகு கொலை, விபசாரம், விக்கிரக வழிபாடு போன்ற பெரும்பாவம் செய்தவரை என்ன செய்வது என்பதற்குத் தெளிவான விடை இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ‘ஹெர்மாவின் மேய்ப்பர்’ என்ற நூல், திருமுழுக்குக்குப் பின் ஒரே ஒரு முறை மனந்திரும்ப வாய்ப்பு உண்டு என்று சொன்னது. இன்றைய வாசகருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். வாய்ப்பே இல்லை என்று பலர் எண்ணிய காலத்தில் அது ஒரு கதவைத் திறந்துவைத்த சலுகை. கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் முதலில் இந்த இரண்டாம் வாய்ப்பை ஆதரித்து எழுதினார். பிற்காலத்தில் கடும் ஒழுக்கத்தை வலியுறுத்திய மொன்தானியக் குழுவில் சேர்ந்தபின், பெரும்பாவங்களுக்குத் திருச்சபை மன்னிப்பளிக்கக் கூடாது என்று அதே வேகத்தோடு வாதிட்டார். ஒரே மனிதரின் இரு நூல்களில் இந்தச் சமயத்தின் உள்முரண் முழுவதும் தெரிகிறது.

250ஆம் ஆண்டு இந்தக் கேள்வி ஏட்டைவிட்டுத் தெருவுக்கு வந்தது. பேரரசின் குடிகள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ரோமப் பேரரசர் தேக்கியு ஆணையிட்டார். அத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளில் கிடைத்துள்ளன. பலியிட்டதைத் தாங்கள் கண்ணால் பார்த்ததாக அதிகாரிகள் அவற்றில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். பலர் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் மறுத்துச் சிறை சென்றார்கள். கொடுமை ஓய்ந்ததும் தவறியவர்கள் திருச்சபைக்குத் திரும்ப வந்து நின்றார்கள். கார்த்தேஜில் நிலைமை சிக்கலானது. சிறையில் துன்பம் தாங்கியவர்கள், தவறியவர்களுக்குச் சமாதானக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆயர் சிப்பிரியான் அதை ஏற்கவில்லை. மன்னிப்பது ஒழுங்கோடு நடக்க வேண்டும், ஆயர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும் என்றார். 251இல் கூடிய ஆயர்கள் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளவும், பலியிட்டவர்களுக்கு மரணத் தறுவாயில் நற்கருணை தரவும் முடிவு செய்தார்கள். அடுத்த கொடுமை நெருங்கியபோது அதையும் தளர்த்தினார்கள். போருக்குப் போகிறவர்களை ஆயுதமின்றி அனுப்ப முடியாது என்பதே சிப்பிரியான் சொன்ன காரணம். ரோமில் நோவாத்தியன் என்ற குருவோ, தவறியவர்களைச் சேர்த்துக்கொள்வதையே துரோகம் என்று கண்டித்து 251இலேயே பிரிந்து போயிருந்தார். அவர் தொடங்கிய தூயோர் சபை சில நூற்றாண்டுகள் நீடித்தது. சிப்பிரியானின் நடுவழியில் இறையியல் கூர்மை குறைவுதான். ஆனாலும் தவறிய மனிதரைக் கைவிடாமலும் தவறைத் தவறில்லை என்று சொல்லாமலும் ஒரு சமுதாயத்தை அவர் காப்பாற்றினார். அது சிறிய சாதனையல்ல.

நான்காம் நூற்றாண்டில் திருச்சபை அரசின் ஆதரவைப் பெற்றதும் அளவுகள் சட்ட விதிகளாயின. 325இல் நீசேயாவில் கூடிய முதல் பொதுச்சங்கம், கட்டாயமே இல்லாமல் மறுதலித்தவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தவம் வகுத்தது. மூன்று ஆண்டு திருவசனம் கேட்போரோடு நிற்க வேண்டும். ஏழு ஆண்டு முழந்தாளிட்டுப் பணிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு மக்களோடு செபிக்கலாம், நற்கருணை கிடையாது. கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் ஆயர் பசிலியார் இதை நான்கு படிகளாக விவரிக்கிறார். கோயில் வாசலுக்கு வெளியே நின்று அழுவோர், உள்ளே நுழைந்து கேட்போர், பணிவோர், கூடவே நிற்போர் என்பவை அவை. மனமறிந்து கொலை செய்தவனுக்கு இந்த நான்கிலும் முறையே 4, 5, 7, 4 என்று இருபது ஆண்டுகள். கணக்கு துல்லியமானது. ஆயினும் இதே நீசேயா விதிகள், உண்மையான கண்ணீரோடு திரும்புகிறவனுக்குக் காலத்தைக் குறைக்க ஆயருக்கு அதிகாரம் தருகின்றன. சாகும் நிலையில் இருப்பவருக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. விதிக்குள்ளேயே விதியைத் தளர்த்தும் வழியும் எழுதப்பட்டிருந்தது.

இந்தப் பகிரங்கத் தவத்துக்கு உட்பட்டவர்களில் மிகப் பெயர்பெற்றவர் பேரரசர் தெயொதோசியு. 390இல் தெசலோனிக்கா நகரில் கலகத்துக்குப் பழிவாங்க அவருடைய படைகள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. மிலான் ஆயர் அம்புரோஸ், தவம் செய்யாமல் பேரரசர் நற்கருணை பெற முடியாது என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் இன்றும் உள்ளது. பேரரசர் அரச உடையைக் களைந்து கோயிலில் மக்கள் முன் அழுதார். ஆயர் கதவருகே நின்று பேரரசரைத் தடுத்ததாகச் சொல்லும் காட்சி பின்னாளில் சேர்க்கப்பட்டது. சட்டத்தின் முன் பேரரசரும் குடியானவனும் ஒன்று என்ற எண்ணம் ஐரோப்பாவில் வேரூன்ற இந்த நிகழ்ச்சி உதவியது.

ஆனால் இந்த முறை தன் கடுமையாலேயே நலிந்தது. தவம் வாழ்நாளில் ஒரே முறை. அதை ஏற்றவர் பிறகு குருவாக முடியாது. படையில் சேரவும் இல்லறம் நடத்தவும்கூடப் பல இடங்களில் தடை இருந்தது. ஆகவே மக்கள் தவத்தைத் தள்ளிப்போட்டார்கள். சிலர் திருமுழுக்கையே தள்ளிப்போட்டார்கள்; பேரரசர் கான்ஸ்தந்தீன் 337இல் மரணத் தறுவாயில்தான் அதைப் பெற்றார். 506இல் கால்லியாவின் (இன்றைய பிரான்சின்) ஆக்து நகரில் கூடிய ஆயர்கள், இளைஞர்களுக்குத் தவத்தை எளிதில் கொடுத்துவிட வேண்டாம் என்று விதித்தார்கள். ஆன்ம மருந்து இறுதிச் சடங்காக மாறிக்கொண்டிருந்தது.

இதே காலத்தில்தான் அருளைப் பற்றிய பெரும் விவாதமும் நடந்தது. பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த பெலாஜியு, கடவுள் கட்டளையிட்டிருக்கிறார் என்றால் அதை நிறைவேற்றும் ஆற்றலையும் மனிதனுக்குத் தந்திருக்கிறார் என்று போதித்தார். ஒழுக்கத்தில் தளர்ந்த ரோமச் சமுதாயத்தை நிமிர்த்த விரும்பியவர் அவர். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் அவரை எதிர்த்தார். சட்டம் நோயைக் காட்டும், குணமாக்காது. விரும்புவதற்கும் செய்வதற்கும் வேண்டிய ஆற்றலே அருளால்தான் வருகிறது என்றார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுவின் போதனையைக் கண்டித்தது. 529இல் ஓராஞ்சு சங்கம், விசுவாசத்தின் முதல் அசைவும் அருளின் செயலே என்று உறுதி செய்தது. அகுஸ்தீன் தம் போதனையைத் தம் மரணப் படுக்கைக்கும் கொண்டு சென்றார். 430இல் ஹிப்போ முற்றுகைக்குள் இருந்தபோது, தாவீதின் தவப் பாடல்களைத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டவைத்து, படுத்தபடியே படித்து அழுதுகொண்டிருந்தார் என்று அவருடைய சீடர் பொசீதியு எழுதுகிறார். அருளின் ஆசிரியர் என்று பிற்காலம் போற்றியவர் தவத்தை விட்டுவிடவில்லை.

அடுத்த மாற்றம் ரோமிலிருந்து வரவில்லை. ரோமப் பேரரசு கால் வைக்காத அயர்லாந்திலிருந்து வந்தது. அங்கே நகரங்களும் பெரிய ஆயர் பேராலயங்களும் இல்லை. துறவு மடங்களே சமய வாழ்வின் மையம். துறவிகள் தம் மனத்தை ஆன்ம நண்பர் ஒருவரிடம் அடிக்கடி திறந்து காட்டும் வழக்கம் மடத்துக்கு வெளியே வாழ்ந்த மக்களுக்கும் பரவியது. ஆறாம் நூற்றாண்டில் ஃபின்னியன், பிறகு கொலும்பானு, ஏழாம் நூற்றாண்டில் கம்மியன் ஆகியோர் தொகுத்த தவநூல்கள் ஒவ்வொரு பாவத்துக்கும் இவ்வளவு நோன்பு என்று பட்டியலிட்டன. கொலை செய்யும் குரு பத்து ஆண்டு நாடுவிட்டுப் போக வேண்டும் என்கிறது கொலும்பானுவின் நூல். அவன் திரும்பி வந்தபின், கொல்லப்பட்டவனின் பெற்றோருக்கு மகனாக நின்று பணிவிடை செய்ய வேண்டும் என்றும் சேர்க்கிறது. இழப்பைச் சந்தித்த குடும்பம் இங்கே நினைவில் இருக்கிறது. அயர்லாந்தின் நாட்டுச் சட்டத்தில் ஒவ்வொரு தீங்குக்கும் பாதிக்கப்பட்டவரின் தகுதிக்கேற்ற ஈட்டுத்தொகை இருந்தது. அதன் சாயல் தவநூல்களில் படிந்திருக்கிறது. ஆனால் கம்மியன் இவற்றை மருத்துவமாகவே விளக்கினார். பெருந்தீனிக்கு நோன்பு, சோம்பலுக்கு விழிப்பு, வாயாடுதலுக்கு மௌனம் என்று எதிர்மறையால் நோயைத் தீர்ப்பதே அவர் முறை.

இந்தப் புதுமுறையில் பகிரங்க அவமானம் இல்லை. வாழ்நாள் தடைகளும் இல்லை. எத்தனை முறை விழுந்தாலும் எழலாம். பழைய முறையில் ஊறிய ஆயர்களுக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. 589இல் மூன்றாம் தொலேதோ சங்கம், நினைத்தபோதெல்லாம் பாவம் செய்து நினைத்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்கும் வழக்கத்தை அருவருப்பான துணிவு என்று கண்டித்தது. ஏறத்தாழ 650இல் கால்லியாவின் ஷாலோன் சங்கமோ அதே வழக்கத்தை ஆன்மாவின் மருந்து என்று வரவேற்றது. இரண்டுக்கும் இடையே அறுபது ஆண்டுகள்தாம். கொலும்பானுவும் அவருடைய துறவிகளும் லுக்சே, பொபியோ என்று மடம் மடமாக நிறுவி ஐரோப்பாவுக்குள் கொண்டுவந்த வழக்கம் வென்றுவிட்டது.

வென்ற வழக்கம் விரைவில் கணக்காக மாறியது. ஒருவர் பல பாவங்களைச் சொன்னால் நோன்பு ஆண்டுகள் கூடி ஆயுளைத் தாண்டின. ஆகவே மாற்று வழிகள் எழுந்தன. ஓராண்டு நோன்புக்குப் பதிலாக இத்தனை திருப்பாடல், இத்தனை முழந்தாள், இவ்வளவு தர்மம் என்று ஈடு வைத்தார்கள். பிறகு, ஒருவருக்காக மற்றவர் நோற்கலாம் என்று ஆயிற்று. 747இல் இங்கிலாந்தின் கிளோவெஷோ சங்கம் இதைக் கண்டித்தும் பயனில்லை. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டை ஒட்டிய ஓர் ஆங்கிலக் கையேடு, செல்வாக்குள்ளவர் ஏழாண்டுத் தவத்தை மூன்றே நாளில் முடிக்கும் வழியைச் சொல்கிறது. முதலில் பன்னிரண்டு பேர் மூன்று நாள் ரொட்டி, தண்ணீர், பச்சை இலைகளோடு நோற்க வேண்டும். பிறகு ஏழு முறை 120 பேர் வீதம் மும்மூன்று நாள் நோற்க வேண்டும். பெருக்கிக் கூட்டினால் 2,556 நாள். ஏழு ஆண்டு நிறைந்துவிடும். ஏழைக்கு இந்த வழி கிடையாது. 829இல் பாரிஸ் சங்கம், தவநூல்களைத் தேடிப்பிடித்து எரிக்கும்படி ஆயர்களுக்கு ஆணையிட்டிருந்தது. ஆனாலும் நூல்கள் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டன.

கணக்கு முறையை ஏளனமாகப் பார்த்துவிட முடியாது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நோர்மானியப் படைக்கு, போப்பின் தூதர் எர்மன்ஃபிரிட் உறுதிப்படுத்திய தவ ஆணை ஒன்று வழங்கப்பட்டது. கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டுத் தவம். காயப்படுத்திய ஒவ்வோர் ஆளுக்கும் நாற்பது நாள். எத்தனை பேரைக் கொன்றோம் என்று தெரியாதவர் வாழ்நாள் முழுவதும் வாரம் ஒரு நாள் தவம், அல்லது ஒரு கோயில் கட்ட வேண்டும். போப்பின் ஆசியோடு நடந்ததாகச் சொல்லப்பட்ட போர் அது. அதில் வென்றவர்களிடமும், செத்தவன் மனிதன், அவனுக்குக் கணக்குச் சொல் என்று கேட்கும் துணிவு அந்தப் பட்டியல்களில் இருந்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பள்ளிகள் கேள்வியை உள்ளத்துக்குத் திருப்பின. பாவத்தை அழிப்பது வெளியே செய்யும் தவமன்று, கடவுள் மேல் கொண்ட அன்பால் எழும் மனஸ்தாபம் என்றார் பீட்டர் அபேலார்ட். அப்படியானால் குருவிடம் சொல்வது எதற்கு? ஏறத்தாழ 1140இல் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்த கிராசியன், மனஸ்தாபமே போதும் என்பதற்கும் போதாது என்பதற்கும் சான்றுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, முடிவை வாசகரிடமே விட்டுவிட்டார். சட்டத் தொகுப்பாளர் ஒருவர் இந்த இடத்தில் தீர்ப்பெழுதத் தயங்கியது கவனிக்கத்தக்கது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் நடைமுறையில் முடிவு சொன்னது. புத்தி விவரம் அறிந்த ஆண் பெண் எல்லோரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தம் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நற்கருணை பெற வேண்டும். கேட்டதை வெளியிடும் குரு பதவி இழந்து, கடும் ஒழுங்குள்ள மடமொன்றில் ஆயுள் முழுவதும் தவம் செய்ய வேண்டும். அபராதத்தின் அளவு இனிப் பட்டியலில் இல்லை. பாவியின் நிலை அறிந்து மருத்துவரைப் போல் குருவே முடிவு செய்வார். ஐரோப்பாவின் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒருவர் தன் ஆண்டைத் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அப்போது நிலைபெற்றது. அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், புதிய சட்டம் என்பது முதன்மையாக எழுத்தில் இல்லை, உள்ளத்தில் பொழியப்படும் தூய ஆவியின் அருளே அது என்று விளக்கினார். சட்டத்தையும் அருளையும் இவ்வளவு நெருக்கமாக இணைத்த விளக்கங்கள் மேற்கில் அரிது.

குருவின் வார்த்தையால் பாவத்தின் குற்றம் தீர்ந்தாலும், அதற்குரிய தற்காலிகத் தண்டனை மீதமிருக்கும். அதை இங்கே தவத்தாலோ மறுமையில் உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்க்க வேண்டும் என்பது இடைக்காலப் போதனை. அந்த மீதத்தைத் திருச்சபை தள்ளுபடி செய்வதே ஞானப்பலன். 1095இல் கிளெர்மோன் சங்கத்தில் போப் இரண்டாம் ஊர்பான், பேருக்கோ பணத்துக்கோ இன்றிப் பக்தியால் எருசலேமை மீட்கப் புறப்படுவோருக்கு அந்தப் பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடாகும் என்று அறிவித்தார். 1300இல் ரோமுக்கு வரும் திருப்பயணிகளுக்கு இத்தகைய பலன் வழங்கும் முதல் யூபிலி ஆண்டு வந்தது. 1343இல் போப் ஆறாம் கிளெமென்ட், கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய புண்ணியங்கள் ஒரு கருவூலமாகத் திருச்சபையின் கையில் உள்ளன என்று விளக்கம் தந்தார். 1476இல் போப் நான்காம் சிக்ஸ்து, இறந்தவர்களுக்காகவும் பலன் பெறலாம் என்றார். அச்சுக்கலை வந்ததும் இது வேகம் பிடித்தது. கூட்டன்பர்க்கின் மைன்ஸ் நகரில் 1454இலேயே, பெயரும் தேதியும் நிரப்ப இடம்விட்ட பலன் சீட்டுகள் அச்சாயின. தேதி குறிப்பிடக்கூடிய மேலை நாட்டு அச்சுகளில் மிகப் பழமையானவை அவை.

1514இல் மைன்ஸ் பேராயரான ஆல்பர்ட், ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களை வைத்திருக்க ரோமுக்குக் கட்டணம் செலுத்த ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்க, ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கான பலன் சீட்டுகளைத் தம் பகுதிகளில் வழங்க அனுமதி பெற்றார்; வசூலில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுக்கர்களுக்கு. அரசர்களும் பேராயர்களும் 25 ரைன் பொற்காசு தர வேண்டும். அடுத்த தகுதியினருக்குப் படிப்படியாகக் குறையும். ஏழைகள் செபத்தாலும் நோன்பாலும் பெறலாம் என்று பேராயரின் அறிவுறுத்தல் சொன்னது. சீட்டுகளை வழங்கிவந்த போதகர் யோகான் தெட்சல் சாக்சனி இளவரசரின் எல்லைக்குள் நுழையத் தடை இருந்ததால், விட்டன்பர்க் மக்கள் யூட்டர்போகு வரை நடந்து சென்று சீட்டு வாங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவாக இருந்தவர் மார்ட்டின் லூதர்.

1517 அக்டோபர் 31இல் லூதர் பேராயருக்கு அனுப்பிய 95 கருத்துரைகள், பலர் எண்ணுவதுபோல் தவத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே அவற்றின் முதல் கருத்து. சீட்டு அந்த மனந்திரும்புதலை மலிவாக்கிவிடுகிறது என்பதே குற்றச்சாட்டு. துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தும் நிம்மதி கிடைக்காமல் தவித்தவர் அவர். தம் மனஸ்தாபம் போதுமானதா என்ற கேள்வி அவரை விடவில்லை. பவுலின் கடிதங்களில் அவர் கண்ட விடை, மனஸ்தாபத்தின் அளவைப் பார்க்காமல் கிறிஸ்துவின் வாக்குறுதியைப் பார் என்பது. சட்டம் குற்றவாளியென்று நிறுத்துகிறது, நற்செய்தி விடுவிக்கிறது. இரண்டையும் பிரித்தறிவதே இறையியலாளனின் உயர்ந்த கலை என்று அவர் கருதினார். 1520 டிசம்பர் 10இல் விட்டன்பர்க்கின் எல்ஸ்டர் வாயிலருகே போப்பின் ஆணையோடு திருச்சபைச் சட்ட நூல்களையும் லூதர் தீயிலிட்டார். குருக்கள் பாவங்களை வகைப்படுத்தப் பயன்படுத்திய ‘சும்மா ஆஞ்சலிக்கா’ என்ற கையேடும் அதில் எரிந்தது.

எரித்த பிறகு ஊர்களில் நடந்ததே கடினமான பகுதி. 1527–28இல் சாக்சனி கிராமச் சபைகளைப் பார்வையிடச் சென்றவர்கள், மன்னிப்பின் செய்தியைக் கேட்ட மக்கள் எதற்கு மன்னிப்பு என்று அறியாமல் இருப்பதைக் கண்டார்கள். சட்டத்தையும் பிரசங்கிக்க வேண்டும் என்று லூதரின் உடன்பணியாளர் மெலாங்தன் எழுதினார். லூதரின் நண்பர் யோகான் அக்ரிகோலா எதிர்த்தார்: மனந்திரும்புதல் நற்செய்தியிலிருந்தே பிறக்கும், மோசேயின் சட்டத்துக்கு நகர மன்றத்தில் வேலை இருக்கலாம், பிரசங்க மேடையில் இல்லை என்றார். 1537 முதல் 1540 வரை லூதர் அவருக்கு எதிராகத் தொடர் விவாதங்கள் நடத்தினார். சட்டத்தின் வாயை அடைத்தால் அருளும் பொருளிழக்கும் என்பது அவர் வாதம். அக்ரிகோலா பெர்லினுக்குச் சென்றுவிட்டார். லூதர் 1529இல் எழுதிய சிறு ஞானோபதேசம் பத்துக் கட்டளைகளோடு தொடங்குகிறது. தனிப்பட்ட பாவ அறிக்கையையும் அவர் சபைகள் விட்டுவிடவில்லை. ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வின் வேறு வழி எடுத்தார். மீட்கப்பட்டவருக்குச் சட்டம் வழிகாட்டி என்பதை அவர் அழுத்திச் சொன்னார். 1541இல் ஏற்பட்ட ஒழுங்குமன்றத்தில் போதகர்களும் பொதுநிலை மூப்பர்களும் வியாழன்தோறும் கூடிக் குடும்பச் சண்டை, சூதாட்டம், கோயிலுக்கு வராமை போன்றவற்றை விசாரித்தார்கள். பாவசங்கீர்த்தனம் இல்லாத நகரில் மன்றமே அந்த வேலையைச் செய்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் விடை திரெந்து பொதுச்சங்கத்தில் வந்தது. 1547 ஜனவரியில் வெளியான ஆணை, அருளில்லாமல் தன் செயல்களால் மட்டும் மனிதன் கடவுளுக்கு ஏற்றவனாகலாம் என்பதையும், ஏற்றவனான பின் கட்டளைகளைக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை என்பதையும் ஒருங்கே கண்டித்தது. 1551இல் குருவின் பாவமன்னிப்பு நீதிபதியின் தீர்ப்புக்கு ஒப்பானது என்று சங்கம் வரையறுத்தது. பணம் வாங்கும் பலன்களை 1567இல் போப் ஐந்தாம் பயஸ் ரத்து செய்தார். மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ, குருவுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்பவருக்கும் இடையே கம்பித்தடுப்பு வைத்த மரக்கூண்டை 1577இல் வெளியான தம் அறிவுறுத்தல்களில் விவரித்தார். பின்னர் அது கத்தோலிக்க உலகெங்கும் பரவியது.

இந்த அலை தமிழ்க் கரையையும் தொட்டது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணி செய்த யேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், தம் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சாகி இரண்டு ஆண்டுகளில், 1580இல் கொச்சியில், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் தமிழ் நூல் ஒன்றை அச்சிட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று பாவத்தையும் மன்னிப்பையும் பற்றியதாக இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்கு லூதரின் ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். ஐரோப்பாவின் வழக்கு இரு தரப்பு நூல்களாகவும் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் வழக்கு கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேயே வெடித்தது. யேசு சபை ஒழுக்க நூலாசிரியர்கள் பாவத்தின் எல்லைகளைச் சலுகையோடு வரைவதாக ஜான்சேனியர்கள் என்ற குழுவினர் குற்றம் சாட்டினார்கள். அகுஸ்தீனின் அருள் போதனையைத் தூக்கிப்பிடித்த இவர்களே தவத்தில் மிகக் கண்டிப்பானவர்களாக இருந்தார்கள். 1643இல் அவர்களில் ஒருவரான ஆர்னோ எழுதிய நூல், தக்க ஆயத்தமின்றி அடிக்கடி நற்கருணை வாங்குவதைக் கண்டித்தது. 1656–57இல் பாஸ்கல் மாற்றுப்பெயரில் எழுதிய கடிதங்கள் சலுகைவாதிகளை ஐரோப்பா முழுவதும் தலைகுனியச் செய்தன. ஆனாலும் கண்டிப்பு மக்களைக் கூண்டிலிருந்து விரட்டியது. நேப்பிள்ஸ் பகுதி ஏழைகளிடையே உழைத்த அல்போன்ஸ் லிகோரி, 1748இல் வெளியிட்ட ஒழுக்க இறையியலில் இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை வகுத்தார். குரு முதலில் தந்தை, பிறகு மருத்துவர், பிறகே நீதிபதி என்ற அவருடைய மனப்பாங்கு அடுத்த நூற்றாண்டின் குருக்களை உருவாக்கியது. லூத்தரன் சபைகளிலோ தனிப்பட்ட பாவ அறிக்கை வெறும் சடங்காகத் தேய்ந்தது. பெர்லினில் போதகர் ஷாடே அதை எதிர்த்து எழுப்பிய கிளர்ச்சிக்குப் பின், 1698இல் அது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டுவரை கத்தோலிக்க செபப் புத்தகங்களில் ஒவ்வொரு செபத்தின் கீழும் ‘300 நாள் பலன்’, ‘7 ஆண்டு பலன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் அத்தனை நாள் குறையும் என்று மக்கள் எண்ணிக்கொண்டார்கள். உண்மையில் அந்த நாட்கள் பழைய தவநூல்களின் நோன்பு நாட்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பட்டியலின் எச்சம். 1967 ஜனவரி 1இல் போப் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணை பலன்களை வைத்துக்கொண்டு, பகுதிப் பலன்களிலிருந்து நாள் கணக்கை முற்றாக நீக்கியது. 1973இல் வெளியான புதிய சடங்குமுறை, தனியாகச் செய்யும் பாவசங்கீர்த்தனத்தோடு சமூகமாகக் கூடி இறைவார்த்தை கேட்டு ஒப்புரவாகும் வழிபாடுகளையும் சேர்த்தது.

1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் ஏற்கப்படுவது அருளால் மட்டுமே, தம் தகுதியால் அல்ல. அந்த அருளே நற்செயல்களுக்கு அவர்களை ஆற்றல்படுத்துகிறது என்று இரு தரப்பும் சேர்ந்து அறிவித்தன. பதினாறாம் நூற்றாண்டின் கண்டனங்கள் இந்தப் புரிதலோடு நிற்கும் மற்றத் தரப்பைத் தாக்குவதில்லை என்றும் ஒப்புக்கொண்டன. மெதடிஸ்டுகள் 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பும் ஆங்கிலிக்கன் ஒன்றியமும் 2017இலும் இதை ஏற்றார்கள். தவமும் ஞானப்பலனும் இந்த உடன்பாட்டின் வரம்புக்குள் வரவில்லை. கூட்டறிக்கையில் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், 1999 டிசம்பர் 24 இரவில், போப் இரண்டாம் யோவான் பவுல் ரோமில் திருக்கதவைத் திறந்து 2000ஆம் ஆண்டின் யூபிலியைத் தொடங்கி வைத்தார். அந்த ஆண்டுக்குரிய, தண்டனை முழுவதையும் தள்ளுபடி செய்யும் பரிபூரண பலனை அவர் முந்திய ஆண்டே அறிவித்திருந்தார்.